வயிறு முட்டிய சுறா

சண்டை முடிந்து, மன்னாரில் மீனவர்களை மறுபடி ஆழக்கடலுக்குப் போக விட்ட கிழமைதான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் கோல்டிங்கில் எங்களுக்கு மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாவை அவித்து உதிர்த்து வறுத்த வறை கொடுப்பது எங்கள் வழக்கம். இங்குள்ள கடைகளில் சுறா கிடைக்காது. மன்னாரில் மீன்பிடிக்கும் அண்ணையிடம் கருவாடாவது போட்டு அனுப்பச் சொல்லியிருந்தேன்.

பத்தாம் நாள் போன் எடுத்துக் கேட்டேன். "சுறா பட்டதோ?"

"ஓம், பெரிய கொம்பன் சுறா, சுத்தியல் மாதிரித் தலை. வலையை அறுத்து அதை விட்டிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவர் வருசக்கணக்காகக் காத்திருந்து இறக்கிய புது வலை. "உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன்.

"வயிறு முட்டக் குட்டியளடா. முந்திக் கூட்டமாத் திரிஞ்ச சாதி, இப்ப ஒண்டைக் காணுறதே அரிது. இதுகளை விடுறதெண்டு கரையில எல்லாரும் கதைச்சு வைச்சிருக்கிறம். உன்ர மனிசிக்குப் பால் வர நான் ஒரு பிள்ளைத்தாச்சியைக் கொல்லுறதோ?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பால் குடித்துக்கொண்டிருந்த மகள் வாய் நழுவி, வீடு அதிர வீரிட்டாள். மறுமுனையில் அண்ணைக்கும் அது கேட்டது.

"பால் காணாத பிள்ளை இப்பிடிக் கத்தாது," என்றார். "உண்மையைச் சொல்லு. சுறா ஆருக்கடா, உனக்கோ?"