மூன்றாம் ஓலை

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரம் சுவாமியார், இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர் அறிவிக்கட்டும் என்று சொல்லுவார். கல்முனையில் கத்தோலிக்கர் நாங்கள் ஒரு கைப்பிடி. யாருக்கு யார் என்பது ஓலைக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். என்றாலும் சுவாமியாரின் வாயால் கேட்டால்தான் அது கல்யாணம்.

ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் பெண் முன்வாங்கில் இருக்கக் கூடாது என்று அம்மாவுக்கு ஒரு சட்டம். என்னைக் கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால் இருத்திவிட்டார். முதல் ஓலையின்போது வெட்கத்தில் காது சுட்டது. இரண்டாம் ஓலைக்குத் துணிவு வந்து எட்டிப் பார்த்தேன். என்னைக் கட்டப்போகிறவர் ஆண்கள் பக்கத்தில் புதுச் சேட்டோடு நின்றார். கொலர் கடித்ததோ என்னவோ, கழுத்தை நெளித்துக்கொண்டேயிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா தொடையில் கிள்ளினார்.

அந்த வாரம் நற்பிட்டிமுனைப் பக்கம் படையினரின் சுற்றிவளைப்பு நடந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி, சுற்றிவளைப்புகள் மலிந்திருந்த காலம். அவர் அங்கே ஒரு நெல் ஆலையில் மெசின் பார்த்தார். வேலைக்கு வந்திருந்த இளைஞர்களை வரிசையில் நிற்கவைத்துச் சிலரை லொறியில் ஏற்றினார்கள். அவரும் அந்தச் சிலரில் ஒருவர். அவருடைய சைக்கிள் ஆலைச் சுவரில் சாத்தியபடி நின்றதாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய் அதே தூணுக்குப் பின்னால் இருந்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறைக்கல்வி வகுப்பு எத்தனை மணிக்கு, கோயில் கூட்டுவது எந்தத் தெருவின் முறை என்று அறிவித்தல்கள் வந்தன. மூன்றாம் ஓலை வரவேண்டிய இடத்தில் சுவாமியார் ஒரு கணம் பேசாமல் நின்றார். எல்லாரையும் எழும்பச் சொல்லி ஆசீர் கொடுத்தார். அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் முடியவில்லை.

அவருடைய அம்மா, எனக்கு மாமியாக வரவிருந்தவர், கைம்பெண். அவரும் நானும் முகாம் முகாமாக அலைந்தோம். வாசலில் நின்றால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பார்கள். இன்னொரு முகாமில் போய்க் கேட்கச் சொல்லுவார்கள். அங்கே போனால், முதல் போன முகாமுக்கே போகச் சொல்லுவார்கள். மாமி பாணும் வாழைப்பழமும் பையில் கட்டிக்கொண்டு வருவார், மகன் பசியோடு வெளியே வந்தால் கொடுக்க. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அதை நாங்கள்தான் தின்றோம். அழுதுகொண்டு பாண் தின்னுவது எவ்வளவு கேவலம் என்பது தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களை எனக்குப் பிடிக்காது. கடவுள் கைவிடமாட்டார் என்று சொன்னவர்கள் எல்லாரும் பொழுதுபடமுன் தங்கள் மகன்மாரை வீட்டுக்குள் கூப்பிட்டுப் பூட்டிக்கொண்டவர்கள். ஒருத்தி, வேதத்தில் கிழவயதில் பிள்ளை பெற்றவளின் கதையை எனக்குச் சொன்னாள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நான் என்ன கிழவியாகும்வரை காத்திருக்கவேண்டுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

ஆனால் செபத்தை நான் விடவில்லை. செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. தொலைந்த சாவியையும் ஆட்டையும் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்த புனிதர் அவர்தான். ஒரே மன்றாட்டு: அவரை உயிரோடு கண்டுபிடித்துத் தாரும். பக்தியோடு கேட்டேன் என்று சொல்லமாட்டேன். பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். சில நாள் திட்டினேன். எழும்பிப் போக மட்டும் மனம் வரவில்லை. நானும் போய்விட்டால் அவருக்காகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ரோட்டால் போய் வரப் பயம். வேலியில் கிடந்த இடைவெளியால்தான் போய் வந்தோம். அந்த வீட்டு அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய புருசன் காய்ச்சலில் மௌத்தானார். ராத்தா வெள்ளை உடுத்து இத்தா இருந்தார். புருசனை இழந்தவள் வெளியே இறங்காமல் இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும். மாலையில் நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். இரண்டு பேரும் அதிகம் கதைப்பதில்லை. ஒரு நாள் அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"எனக்கு எப்ப முடியும் எண்டு தெரியும் புள்ள. அதால தாங்குறன். ஒனக்கு ஆரு நாள் குறிச்சித் தருவாங்க?"

இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்து, பூப்போட்ட சேலை உடுத்து முற்றத்தில் இறங்கினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. புருசன் செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டேனே என்று அன்று முழுக்க அழுதேன்.

சில வருடங்களில் சுவாமியார் மாறிப் புதியவர் வந்தார். அம்மா அவரிடம் போய், அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, இவள் மசிகிறாள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சுவாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஓலை எப்பவோ காலாவதியாப் போச்சு பிள்ளை. உனக்கு ஒரு தடையும் இல்ல."

"அப்ப மூண்டாம் ஓலைய வாசிச்சு விடுங்க சுவாமி."

"ஆள் இல்லாம எப்பிடி வாசிக்கிற?"

"தடை அறிஞ்சவங்க அறிவிக்கட்டும் எண்டுதானே கேப்பீங்க. கேளுங்க. அவர் செத்திட்டார் எண்டு அறிஞ்சவன் ஆராவது இருந்தா எழும்பிச் சொல்லட்டும். நான் அடுத்த நாளே அம்மா சொன்ன ஆளைக் கட்டுறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு காலம் இப்பிடிக் காத்திருப்பாய்?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன ஒருத்தருக்காக நாம ரெண்டாயிரம் வருசமாக் காத்திருக்கிறம். என்னட்ட மட்டும் ஏன் சுவாமி கணக்குக் கேக்கிறீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார். அம்மாவும் பிறகு சம்பந்தம் பேசவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். நல்ல வெற்றி!

அந்த நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனேன், அப்பாவின் கல்லறைக்குத் திரி கொளுத்த. மழை தூறிக்கொண்டிருந்தது. கடற்காற்றுக்கு அணையாமலிருக்க எல்லாரும் தேங்காய்ச் சிரட்டைக்குள் திரியை நட்டு வைத்திருந்தார்கள். சேமக்காலை நடுவில் ஒரு பெரிய குருசு உண்டு. தூர ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு அதனடியில்தான் கொளுத்துவது வழக்கம். அங்கே மாமி குந்தியிருந்தார். கையில் ஒரு சிரட்டை. அவருடைய புருசனின் கல்லறை மதிலோரம், அங்கே திரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இது வேறு.

என்னைக் கண்டதும் மாமி முகத்தைத் திருப்பவில்லை. "என்ட தீப்பெட்டி நனைஞ்சிட்டு மகள். உன்டயத் தா."

"ஆருக்கு மாமி?"

அவர் சிரட்டையைக் குருசடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நான் தரமாட்டன். நீங்களே இப்பிடிச் செய்தா நான் ஆருக்காக இருக்கிறன்?"

"கத்தாத மகள்," என்றார். "எனக்கு இனி ஏலா. ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சோறு எடுத்து வெச்சி, ஒவ்வொரு நாளும் கொட்டுறன். எனக்கு இருந்து அழ ஒரு இடம் வேணும். வேற ஒண்டும் வேணாம்."

மழை மாமியின் நரைத்த தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எவ்வளவு கிழண்டுபோயிருக்கிறார் என்பதை அன்றுதான் கண்டேன். தீப்பெட்டியை நீட்டினேன். அவர் உரசிய குச்சிகள் ஒவ்வொன்றாய் முறிந்தன. கடைசியில் நான்தான் கொளுத்தினேன். என் கையால். சிரட்டைக்குள் திரி நிமிர்ந்து எரிந்தது. மாமி குருசில் நெற்றியை வைத்து, அத்தனை வருடமும் அழுது முடியாத அழுகையை அழுதார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். அதே தீப்பெட்டிதான். அந்தோனியாருக்கு ஏற்றிவிட்டு முழங்காலில் நின்றேன். அவரைக் கண்டுபிடித்துத் தாரும் என்று கேட்டேன். உயிரோடு என்ற சொல்லை மட்டும் அன்று சொல்லவில்லை.