நல்லையாவின் மீன்கொத்தி

டேப் சுழல்கிறது. நல்லையா நாற்காலியின் நுனிக்கு வந்து, வலது காதைப் பெட்டியிடம் கொடுத்துவிட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்கிறார். சீழ்க்கை ஒன்று ஏறி இறங்குகிறது. "இது யாரு... வாயிலேயே இருக்கு, வர மாட்டேங்குது" என்கிறார்.

காஜா பேராங் ஊரில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். ரப்பர் தோட்டத்துத் துரையிடம் கார் ஓட்டியவர். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடி முடித்து, துரை கப்பலேறுவதற்குள் நல்லையாவின் இரண்டு கண்ணும் மங்கிவிட்டன. இப்போது வெளிச்சம் தெரியும், ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள், அவ்வளவுதான். துரைக்குப் பறவைப் பைத்தியம். தோட்டத்தில் தானே பதிவு செய்த டேப்பையும் அதைப் போடும் பெட்டியையும், "காது இருக்கே, நல்லையா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"காக்கா, குயில் தவிர ஒண்ணும் தெரியாதுலா. ஆயுசு பூரா என்ஜின் சத்தம்தானே கேட்டேன்" என்பார் நல்லையா.

டேப்பில் துரை இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார், ஒரு பறவை கூவும். மறுபடி பெயர், மறுபடி கூவல். அப்படியே மனப்பாடம் செய்தார். இரண்டு விஷயம்தான் உறுத்தின. முதல் கூவலுக்குப் பெயரே இல்லை. கடைசிப் பெயருக்குப் பிறகு எதுவும் கூவவில்லை. "அன்னைக்கு அதுக்குத் தொண்டை கட்டியிருக்கும்."

விடிந்ததும் வாசலுக்கு எந்தெந்தப் பறவை வந்திருக்கிறது என்று மனைவி பூங்காவனத்துக்கு அவர்தான் அறிவிப்பார். கண் போனபின் அவர் அவளுக்குச் சொல்ல முடிந்த சேதி அது ஒன்றுதான். அவளும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பாள்.

போன வாரம் செம்பருத்திச் செடியிலிருந்து உரத்த குரல் ஒன்று விடாமல் கேட்டது.

"மீன்கொத்தி வந்திருக்கு, பூங்காவனம்!"

துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "இதுவா? என் கட்டைவிரல் அளவு இருக்குங்க. வாலை நட்டுக்கிட்டு நிக்குது. மீன்கொத்தி நீலமால்ல இருக்கும்? ஆத்தோரம் நான் பார்த்ததில்லையா?"

"டேப்ல அப்படித்தான் இருக்கு."

"அப்ப டேப்பு பொய் சொல்லுதுங்க."

போட்டுப் பார்த்தார். மீன்கொத்தியின் பெயரைச் சொன்னார் துரை. அதே உரத்த குரல் கேட்டது. அதற்குப் பிறகு துரை, "டெய்லர் பேர்ட்" என்றார். இலையைத் தைத்துக் கூடு கட்டும் கட்டைவிரல் அளவுத் தையல்சிட்டு. அந்தப் பெயரை நல்லையா இத்தனை நாளும் அடுத்த சீழ்க்கைக்கு வைத்திருந்தார். துரை முதலில் பறவையைப் பாடவிட்டு, அப்புறம் அல்லவா பெயர் சொல்லியிருக்கிறார்! முதல் கூவல் அநாதை இல்லை. கடைசிப் பெயர் ஊமை இல்லை. தான் கற்றதெல்லாம்தான் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது.

"அப்ப தினமும் நான் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்?" என்றார். 

அன்றிலிருந்து ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு பெயர் வருகிறது. எது பழசு, எது சரி என்று பிரிப்பதற்குள் பறவை போய்விடுகிறது. சில காலைகளில் எரிச்சலில் காதைப் பொத்திக்கொள்கிறார். அவள் சேதி கேட்க வந்து நின்றால், "ஒண்ணும் வரல" என்று பொய் சொல்கிறார்.

இன்று ரம்புத்தான் மரத்தில் ஏதோ பாடியது. நல்லையாவின் உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பிறகு கையை நீட்டித் துழாவி, பூங்காவனத்தின் தோளைப் பிடித்து, குரல் வந்த பக்கமாக மெல்லத் திருப்பினார்.

"என்ன கலர்னு சொல்லு."