கெதியா, நல்லா அமத்துங்கோ

அம்புலன்ஸ் அழைப்பு அறையில் எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வேலை மிகவும் சுருக்கமானது. எந்த இடம், என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். வண்டியை அனுப்ப வேண்டும். "வண்டி வருகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். ஆனால் மறுமுனையில் இருப்பவர்கள் இலகுவில் விடமாட்டார்கள். "வண்டி வருமட்டும் நான் என்ன செய்யிறது?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

குடாநாட்டில் அவசர அழைப்புகளை எடுப்பவர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தபோது என்னைத் தலைவியாக்கினார்கள். போட்டி ஒன்றும் இல்லை. வேறு எவரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். அம்புலன்ஸ் அறை, தீயணைப்பு அறை, ஆஸ்பத்திரித் தொலைபேசிப் பிரிவு என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தோம். வருடக்கணக்காக ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பழகியவர்கள், முகம் பார்த்ததில்லை. ஒரு மெல்லிய குரலுக்கு நான் ஒரு சின்னப் பெண்ணைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஆறடி உயரத்தில் மீசையோடு ஒருவர் வந்து "நான்தான் அக்கா, ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்ச்" என்றார்.

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில், ஞாயிறு பின்னேரம் வகுப்புகள் முடிந்த பிறகு கூடுவோம். மாணவர் வாங்குகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து, இடமாற்றம், விடுமுறை, கதிரை உடைந்தது என்று முதல் வருடத்தை ஓட்டினோம். இரண்டாம் வருடத் தொடக்கத்தில்தான் நான் ஒரு புதுப் பேச்சை எடுத்தேன். இதயம் நின்று விழுந்தவருக்கு, வண்டி போய்ச் சேரும்வரை பக்கத்தில் இருப்பவர் நெஞ்சை அழுத்த வேண்டும். அதைத் தொலைபேசியில் நாங்களே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதல் எதிர்ப்பு தீயணைப்பு அறை அண்ணையிடமிருந்து வந்தது. எங்களில் வயதில் மூத்தவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"நாங்கள் என்ன டொக்டர்மாரே தங்கச்சி? அமத்தி நெஞ்செலும்பு முறிஞ்சால் ஆர் பொறுப்பு? வழக்குப் போட்டால் உங்கடை சங்கம் கோட்டுக்கு வருமோ?"

"வரும் அண்ணை. முதல் ஆளா நான் வாறன்."

"நீர் வந்து என்னத்தைச் சொல்லப்போறீர்?"

"எலும்பு பொருந்தும், நிண்ட இதயம் தானாத் திரும்பாது எண்டு சொல்லுவன்."

அவர் சிரிக்கவில்லை. எதிர்த்து வாக்களிக்கவும் இல்லை. "செய்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த ஒரு பெண் டொக்டர் உதவிக்கு வந்தார். ஏற்கனவே தமிழில் ஒரு வழிகாட்டி இருப்பதாகச் சொல்லி எடுத்துத் தந்தார். 'நோயாளியின் மார்பின் மையப்பகுதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை நிலைநிறுத்தி விரைவாகவும் ஆழமாகவும் அழுத்தவும்.' பிழை சொல்ல முடியாத தமிழ். அன்றிரவு அதை நல்லூரில் இருக்கும் என் தங்கைக்குத் தொலைபேசியில் வாசித்தேன். அவள் முன்னால் ஒரு தலையணை, அதுதான் நோயாளி.

"எங்கை அமத்திறாய்?" என்று கேட்டேன்.

"நீ அடிப்பகுதி எண்டாய். வயித்திலை."

எங்கள் உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது. அதன்பின் பல ஞாயிறுகள் நாங்கள் சொற்களுக்காகச் சண்டை பிடித்தோம். 'விரைவாக' போய் 'கெதியா' வந்தது. 'மையப்பகுதி' போய் 'நெஞ்சுக்கு நடுவிலை' வந்தது. 'அழுத்தவும்' என்பதை 'அமத்துங்கோ' ஆக்க ஒரு பின்னேரம் முழுவதும் போனது. ஆசிரியர் குடும்பத்தில் வந்த ஒருவருக்கு அது கொச்சையாகப் பட்டது. அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தீயணைப்பு அண்ணை இந்தச் சொற்சண்டையில் முதன்முறையாக வாயைத் திறந்தார். "வீடு எரியுது எண்டு அழுகிற மனிசி ஒருத்தியும் என்னோடை இலக்கணத்திலை கதைச்சதில்லை" என்றார். 'அமத்துங்கோ' நிறைவேறியது.

உள்ளங்கையின் அடியைத்தான் எவராலும் சொல்ல முடியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே, மேடு, குதி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு சொல்லையும் வீட்டில் தாய்க்கும் மாமிக்கும் தொலைபேசியில் சொல்லிச் சோதித்தோம். குடாநாட்டின் தலையணைகள் அந்த மாதங்களில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் காலை குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது என் கையை நானே பார்த்தேன். மாக் கையோடு தங்கைக்கு அழைப்பு எடுத்தேன்.

"ரொட்டிக்கு மாக் குழைக்கேக்கை கையிலை எந்த இடத்தாலை ஊண்டி அமத்துவாய்? அந்த இடத்தை நெஞ்சுக்கு நடுவிலை வை. மற்றக் கையை அதுக்கு மேலை வை."

"வைச்சிட்டன்" என்றாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சரியான இடத்தில், சரியான கை. நான் குசினிக்குள் சந்தோசத்தில் கத்தியதில் என் கணவர் கை சுட்டுவிட்டது என்று நினைத்து ஓடிவந்தார்.

டொக்டரையும் கூட்டிக்கொண்டு பிராந்திய சுகாதாரப் பணிப்பாளரிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் கவனமான மனிதர். எங்கள் வசனங்களைப் படித்துவிட்டு, "உந்த வசனங்களைக் கேட்டுச் சனம் சரியாச் செய்யும் எண்டு என்னெண்டு சொல்லுறியள்?" என்று கேட்டார். நான் ஒரு கதிரை மெத்தையை அவருடைய மேசையில் வைத்தேன். டொக்டரை அவரோடு விட்டுவிட்டு விறாந்தைக்குப் போய், அவருடைய தொலைபேசிக்கு அழைத்தேன். வசனங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, என்னோடை சேர்ந்து எண்ணுங்கோ" என்றேன். உள்ளேயிருந்து பணிப்பாளரின் குரல் எண்ணத் தொடங்கியது. திரும்பிப் போனபோது சேர்ட் கையை மடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கை இருந்த இடம் சரி" என்றார் டொக்டர். ஆறு மாதப் பரீட்சார்த்த அனுமதி கிடைத்தது. எல்லோரும் பயிற்சி எடுத்தோம். தீயணைப்பு அண்ணையும் எடுத்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. முற்பகல், நான் கடமையில் இருந்தேன். தீயணைப்பு அறையிலிருந்து இணைப்பு வந்தது.

"தங்கச்சி, லைனிலை ஒரு அக்கா நிக்கிறா. வல்வெட்டித்துறை. மனிசன் தண்ணி மோட்டரடியிலை விழுந்திட்டார், மூச்சில்லை. வண்டியை விடும். நான் லைனை விடேல்லை."

அந்த அம்மா எங்கள் எண்ணை அல்ல, குசினியில் காஸ் சிலிண்டருக்கு மேலே ஒட்டியிருந்த தீயணைப்பு எண்ணை அழைத்திருந்தார். நான் வண்டியை அனுப்பிக்கொண்டே அண்ணை அவவுக்குச் சொல்வதை ஒரு காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, போனை ஸ்பீக்கரிலை போட்டு நிலத்திலை வையுங்கோ. அவரை மல்லாக்காக் கிடத்துங்கோ. ரொட்டிக்கு மாக் குழைக்கிற கை தெரியுமெல்லோ? அந்தக் கையை நெஞ்சுக்கு நடுவிலை வையுங்கோ. மற்றக் கை அதுக்கு மேலை. கெதியா, நல்லா அமத்துங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு..."

அம்மா அழுதுகொண்டே எண்ணினார். சிறிது நேரத்தில் அழுகை நின்று எண் மட்டும் கேட்டது. பிறகு எண்ணும் தளர்ந்தது.

"என்னாலை ஏலாது தம்பி. கை விட்டுட்டுது."

"விடாதேங்கோ! பக்கத்து வீட்டாரைக் கத்திக் கூப்பிடுங்கோ. அமத்திக்கொண்டே கத்துங்கோ. நிப்பாட்டினியள் எண்டால் எனக்குப் பொல்லாத கோவம் வரும்!"

என் வாழ்நாளில் ஒரு தொலைபேசியில் அப்படி ஒரு அதட்டலை நான் கேட்டதில்லை. அம்மா கத்தினார். அயலிலிருந்து ஒருவர் ஓடிவந்து கையை மாற்றிக்கொண்டார். அண்ணை அவருக்கும் எண்ணினார். எங்கள் ஆட்கள் வாசலுக்கு வந்த சத்தம் கேட்கும்வரை அவர் எண்ணுவதை விடவேயில்லை. அதன்பின் இணைப்பில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"நான் சரியாச் சொன்னனானோ?" என்று கேட்டார்.

"அச்சொட்டாச் சொன்னியள் அண்ணை."

பின்னேரம் டொக்டர் அழைத்தார். எங்கள் ஆட்கள் மின்னதிர்ச்சி கொடுத்ததும் இதயம் திரும்பத் துடித்திருக்கிறது. கண் திறந்து, தண்ணி மோட்டரை நிப்பாட்டியாச்சோ என்று மனைவியிடம் கேட்டாராம். நான் எழுந்து நின்று அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன். கைதட்டினார்கள். அழைப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் கைதட்ட முடியாமல் மேசையைக் காலால் உதைத்தாள். தீயணைப்பு அறைக்குச் செய்தி சொல்ல நான் எடுத்தபோது, அண்ணை அந்த அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் வந்தார்கள். அம்மா மண்டபத்துக்குள் வந்ததும் குரலை வைத்தே அண்ணையைக் கண்டுபிடித்துவிட்டார். நேரே போய் முன்னால் நின்றார்.

"நீங்கள்தானே அண்டைக்கு என்னை ஏசினது?"

அண்ணை தடுமாறிப்போனார். "குறை நினையாதேங்கோ அக்கா, அந்த நேரம்..."

"நீங்கள் ஏசாட்டில் நான் விட்டிருப்பன்" என்று சொல்லி, கொண்டுவந்த பனங்காய்ப் பணியாரப் பெட்டியை அவர் கையில் வைத்தார். கணவர் நெஞ்சைத் தடவியபடி, "எலும்பு இன்னும் கொஞ்சம் நோகுது. நோகட்டும்" என்று சிரித்தார்.

பணிப்பாளரும் வந்திருந்தார். இனி அந்த அனுமதி நிரந்தரம் என்று அறிவித்தார். மன்னாரிலிருந்து வந்த அழைப்பு அறைக்காரர் இருவர் எங்கள் வசனங்களைக் கேட்டுவிட்டு, நல்லது, ஆனால் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றித்தான் எடுப்போம் என்றார்கள். அங்கே பயிற்சி கொடுக்க யார் போவது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தீயணைப்பு அண்ணை எழுந்துவிட்டார்.

"நான் போறன். ஆனா பயிற்சிக்கு வரேக்கை ஒவ்வொருத்தரும் ஒரு தலையணை கொண்டுவரவேணும் எண்டு இப்பவே சொல்லிப்போடுங்கோ."

அடுத்தது நிர்வாகத் தெரிவு. இந்த முறை தலைவர் பதவிக்கு நான்கு பேர் நின்றார்கள். அதில் நானும் ஒருத்தி, இம்முறை விருப்பப்பட்டு. கைகளை எண்ணிய மீசைக்காரர் தன் மெல்லிய குரலில் என்னையே திரும்பவும் தலைவி என்று சொன்னபோது, கடைசி வாங்கில் இருந்த என் தங்கை, அங்கத்தவரே இல்லாத அவள், எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினாள்.