மீட்டரக்கா இறங்கக் கற்றுக்கொண்ட கதை

மீட்டரக்கா சைக்கிளிலிருந்து விழுந்துதான் காலை உடைத்துக்கொண்டாள் என்று அந்தப் பகுதியில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவள், அதிலிருந்து ஒருநாளும் விழுந்ததில்லை. அவள் விழுந்தது ஸ்டூலிலிருந்து.

வீடு வீடாக, கடை கடையாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. ஒரு பெயின்ட் கடையின் பின்னறையில் மீட்டரை மறைத்து டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எட்டிப் பார்க்க ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஆடியது. அடுத்த நிமிடம் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்து தரையில் கிடந்தாள். கிடந்தபடியே மீட்டர் எண்ணைக் கடைக்காரரிடம் ஒப்பித்துவிட்டு, "மறக்கறதுக்குள்ள எங்கயாவது எழுதி வைங்க. அப்புறமா ஆம்புலன்ஸ கூப்பிடுங்க" என்றாளாம். கடைக்காரரும் பயத்தில் அப்படியே வரிசையாகச் செய்திருக்கிறார்.

எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் நான் போனேன். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி எடுத்து, தலை நரைத்த பிறகும் அதையே செய்துகொண்டிருப்பவள் நான். எல்லோருக்கும் சிஸ்டரம்மா.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடி. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஆள் அகலத்துக்கு ஒரு நடை. அந்த நடையில் சுவரில் சாய்த்தபடி அவளுடைய பச்சை சைக்கிள். மெக்கானிக் அதைத் தினமும் துடைத்து வைப்பார். மனைவியின் கால் விரல்களைத் துடைத்துவிடச் சொன்னால் மட்டும், "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சிஸ்டரம்மா" என்று நழுவிவிடுவார்.

நோயாளி என்ற வகையில் மீட்டரக்காவுக்கு நல்ல மதிப்பெண் தர முடியாது. படுக்க வைத்தால் உட்காருவாள், உட்கார வைத்தால் ஊன்றுகோலைத் தேடுவாள். காலை உயர்த்தி வைக்கச் சொன்னால் தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் பேசுவாள். படுக்கையறையில் இருந்தபடியே, "சமையக்கட்டுல குழாய் சொட்டுது, நல்லா மூடுங்க" என்பாள். போய்ப் பார்த்தால் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். எரிச்சலாக வரும்.

எலும்பு கூடிவிட்டது, காலை ஊன்றி நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவளுடைய அதிகாரி ஒரு பை ஆப்பிளுடன் வந்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் நல்லது சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இடியைத் தூக்கிப் போட்டார்.

"இனிமே நீங்க அலைய வேணாம்மா. புகார் கவுண்டர்ல ஒரு நாற்காலி காலியாகுது. ஃபேன் இருக்கு, ஜன்னல் இருக்கு. நிம்மதியா உட்காருங்க."

"என் ரவுண்டு?"

"பைக்ல ஒரு தம்பி போறாரே, அவருக்குக் குடுத்துடலாம்னு…"

"அந்தத் தம்பியா? அவரு வண்டிய விட்டு எறங்கவே மாட்டாரே சார். வாசல்லயே நின்னு ஹெல்மெட்டோட யோசிச்சு ஒரு நம்பர் போடுவாரு."

அதிகாரி ஆப்பிள் பையைத் தடவிக்கொண்டார். அவருக்கும் அது தெரியும். கடைசியில், "அடுத்த ரவுண்டு தொடங்குற திங்கக்கிழமை வாங்க. ஒரு தெரு முழுக்க ஓட்டிக் காட்டுங்க. முடிஞ்சா ரவுண்டு உங்களுது. இல்லன்னா கவுண்டர். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது" என்றார்.

அவர் படியிறங்கிப் போனதும் மீட்டரக்கா என்னிடம், "நாள் பூரா நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்து திட்டு வாங்கணுமாம் சிஸ்டரம்மா. இப்பவும்தான் வாங்கறேன். ஆனா காத்தாட, ஒவ்வொரு வீட்டுலயா வாங்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை.

அன்று சாயங்காலமே மெக்கானிக் வேலையில் இறங்கினார். நின்ற இடத்திலேயே பெடல் மிதிக்கலாம் என்று மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார். இவர் பச்சை சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்துப் போல்ட் போட்டு முறுக்கினார். முன்சக்கரத்தை ஜன்னல் கம்பியோடு கட்டினார். லிஃப்ட் மாட்டுகிறவர் கை அல்லவா? யானை ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. அதோடு விடாமல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைப் பின்சக்கரத்தில் பொருத்தினார்.

அங்கேதான் வினை பிடித்தது.

மீட்டர் என்று ஒன்று வந்துவிட்டால் அவள் அதை மட்டும்தான் பார்ப்பாள். முதலில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பிறகு பாட்டுக் கேட்டுக்கொண்டு மிதித்தாள். பிறகு போனில் பேசிக்கொண்டே மிதித்தாள். தினமும் அவர் வேலையிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு எங்க வரைக்கும் போன?" என்பதுதான். இவள் எண்ணைச் சொல்வாள். அவர் கணக்குப் போட்டு, "அடேயப்பா, பக்கத்து ஊரத் தாண்டிட்ட" என்பார். இருவரும் நடையில் நின்றுகொண்டு ஊர் ஊராகப் போய்வந்தார்கள்.

கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருந்தது. இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னால் சுவரைப் பிடித்தாள். "பெடல் மிதிக்கறது வேற, முழு உடம்ப ஒத்தக் கால்ல தாங்கறது வேற. படியில நின்னு குதிகாலத் தூக்கி எறக்கு, தினமும்" என்றேன்.

"நீங்க மீட்டரப் பாருங்க சிஸ்டரம்மா! என் ரவுண்டு தூரத்தப் போல நாலு மடங்கு ஓட்டியிருக்கேன்."

"மீட்டரா போய் வீட்டு வாசல்ல நிக்கப் போகுது?"

"மீட்டர் காட்டறத நானே நம்பலன்னா, இத்தன வருஷம் ஊர்ல எல்லாரையும் எப்படி நம்ப வெச்சேன்?"

மெக்கானிக்கும் தலையாட்டினார். இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குதிகால் பயிற்சியை நான் பார்க்கும்போது செய்தாள். பார்க்காதபோது ஊர் சுற்றினாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் போல்ட்டைக் கழற்றிச் சைக்கிளைக் கீழே இறக்கினார்கள். கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறினாள். கையை விட்டார். அம்பு மாதிரி போனாள். நேராக, அழகாக, தலைமுடி பறக்க. எனக்கே ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. ஒரு சுற்று வந்தாள், கையசைத்தாள். இரண்டாவது சுற்று வந்தாள், கையசைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் முகம் வெளுத்திருந்தது.

"போதும், நிறுத்து!" என்றார் அவர்.

"முடியலங்க!"

"பிரேக் பிடி!"

"பிரேக் இருக்கு! ஊன்றதுக்குக் கால் இல்ல!"

அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது. வாழ்நாள் முழுக்க அவள் சைக்கிளை இடப்பக்கம் சாய்த்து இடது காலை ஊன்றித்தான் நிறுத்தியிருக்கிறாள். மீட்டர் பார்க்கிறவளுக்கு ஓட்டுவது பாதி வேலை, வாசலுக்கு வாசல் நிறுத்துவதுதான் மீதி. வீட்டில் இருந்த சைக்கிளோ சாயவே இல்லை. போல்ட் போட்ட சைக்கிளில் ஊரையே சுற்றியவள் ஒரு தடவைகூட நிறுத்திப் பார்க்கவில்லை. அந்தக் காலை நம்பித் தரையில் வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் பின்னாலேயே ஓடினார். "வேகத்தக் கொற! நான் பிடிச்சுக்கறேன்!"

"கொறச்சா விழுந்துருவேன்! குறுக்க வராதீங்க!"

மாடியிலிருந்து யாரோ, "அக்கா, நல்லா ஓட்டறீங்க!" என்று கைதட்டினார்கள். இன்னும் இரண்டு சுற்றுக்குப் பிறகு அவளே ஒரு முடிவெடுத்து, ஓரத்தில் அடர்த்தியாக வளர்ந்திருந்த செடிவேலிக்குள் சைக்கிளோடு நுழைந்தாள். வேலி அவளை அப்படியே வாங்கிக்கொண்டது. ஓடிப்போய் முதலில் காலைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கமில்லை, வலியில்லை. கையில் கீறல்தான்.

எழுந்திருக்க அவள் முயலவில்லை. இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடி, "அந்தக் கவுண்டர் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கா சிஸ்டரம்மா, இல்ல சும்மா நாற்காலியா?" என்று கேட்டாள். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அனுதாபப்படுவதற்கு அது நேரமில்லை. "வலது காலு என்ன, விருந்தாளியா? அத ஊன்னு. திங்கக்கிழமைக்குள்ள பழகிக்கோ. இடது காலுக்குப் படியில நான் சொன்ன வேல. இந்தத் தடவ நெசமாவே செய்யணும்" என்றேன்.

கேட்கச் சுலபம். பழகின உடம்பு கேட்குமா? ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்ததும் சைக்கிள் தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "வலது, வலது" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். கடைசியில் நான் போய் அவளுக்கு இடப்பக்கம், அவள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டேன். பலமில்லாத பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் பால பாடம்.

"தள்ளி நில்லுங்க சிஸ்டரம்மா, மேல வந்து விழுந்துருவேன்!"

"விழு. எனக்கு இருக்கற எலும்புக்கு இடுப்பு ஒடைஞ்சா சேராது. அப்புறம் நீதான் என்னத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு ஊட்டணும். வசதி எப்படி?"

சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது. வலது கால் தரையில் பதிந்தது. ஆச்சரியத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு வாரம் முழுக்க அதே வேலைதான். வண்டி நிறுத்தும் இடத்து விளக்குக் கம்பம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான் மாறி மாறி நிற்க, அவள் வந்து வந்து வலப்பக்கம் நின்றாள். மற்ற நேரமெல்லாம் மாடிப்படியில் குதிகாலைத் தூக்கி இறக்கினாள். மெக்கானிக் அந்த மீட்டரைக் கழற்றி எங்கோ மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். என்னையும் பார்த்ததும், "நீங்களும் வாங்கம்மா, ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று பின்னால் ஏற்றிக்கொண்டார். மடியில் கட்டுத்துணிப் பையோடு ஸ்கூட்டரில் நானும், முன்னால் பச்சை சைக்கிளில் அவளும். மெக்கானிக் வேலைக்குப் போவதுபோல் கிளம்பித் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

முதல் வீடு. வலது கால். எட்டிப் பார்த்து எண்ணைச் சொன்னாள். அடுத்த வீடு, அடுத்த வீடு. மீட்டர் எல்லாம் இடப்பக்கச் சுவரில் இருந்ததால் உடம்பைத் திருகி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் சமாளித்தாள். அதிகாரி, "பரவால்லயே" என்றார். எனக்கு மட்டும் கால் கட்டைவிரல் சுருண்டுகொண்டே இருந்தது.

தெரு பாதி தாண்டியிருப்போம். வலப்பக்கம் நின்றிருந்த ஒரு வேனின் கதவு படாரென்று திறந்தது. அவள் பிரேக் பிடித்து இடப்பக்கம் ஒடித்தாள். சைக்கிள் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்வதற்கு அங்கே இடமே இல்லை, கதவுதான் இருந்தது.

நான் ஸ்கூட்டரிலிருந்து பாதி இறங்கிவிட்டேன்.

இடது கால் தரையில் இறங்கியது. முழங்கால் லேசாக மடங்கியது, நடுங்கியது, நின்றது. மொத்த உடம்பும் சைக்கிளும் அந்த ஒரு காலின் மேல். அவள் மெதுவாகக் குனிந்து, அந்தக் காலை அழுத்திப் பார்த்தாள், பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. இன்னொரு தடவை அழுத்தினாள்.

வேன் டிரைவர், "பார்த்து வரக் கூடாதாம்மா?" என்றார்.

"நீ பார்த்துத் தெறக்கக் கூடாதாப்பா? உள்ள கம்பி வெச்ச காலு இது!" என்றாள். திட்டுகிற குரல் இல்லை அது. ஊருக்கே அறிவிக்கிற குரல்.

அடுத்த வீட்டு வாசலில் வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்து, இடது காலை ஊன்றி நிறுத்தினாள். அதற்கடுத்ததிலும். அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து, இவள் படுத்திருந்த நாளில் வந்த பைக் தம்பி கண்டபடி எண் போட்டுவிட்டார் என்று பிடித்துக்கொண்டார். வாசலிலேயே நிற்க வைத்துப் பொரிந்து தள்ளினார். மீட்டரக்கா ஒரு காலில் சாய்ந்து நின்றபடி, முகமெல்லாம் மலர அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "அந்தக் கவுண்டருக்கு இனிமே நான் யாரத் தேடறது?" என்றார்.

"அது உங்க கவல சார். என்ன இங்கயே எறக்கி விடுங்க. வேற எடத்துல ஒரு தாத்தா மாத்திரைக்குக் காத்திருக்காரு" என்றேன்.

நான் இறங்கிப் பையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தபோது, அவள் ஏற்கெனவே அடுத்த வாசலில் இருந்தாள்.