ஏழாம் நம்பர் மலை வாய்க்கால் வேலை

என் கையில் இருப்பது 1986 நவம்பர் மாதத்துத் தாள். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவனாக இருந்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டர் அச்சிட்டது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் சரி, தாளில் உள்ளதைச் சொல்கிறேன்.

அன்றன்றைய வேலைகளை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பதிந்துவைப்பேன். காலை ஐந்தரைக்கு அது தானாகவே பட்டியலை அச்சிடும். பெரட்டில், வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு முன் அதைத்தான் வாசிப்போம், வாசிக்காத வேலைக்கு ஒருவரும் போகமாட்டார்கள். அந்த வாரம் ஏழாம் நம்பர் மலையில் வாய்க்கால் வெட்டும் வேலை மட்டும் மூன்று நாளாகப் பட்டியலில் வரவில்லை. நான் பதியப் பதிய யாரோ அழித்தார்கள். மழையோ விடவில்லை, தோட்டத்து மேனேஜர் துரை கத்தினார், என் வேலையே போய்விடும் போலிருந்தது.

அழிப்பவர் அடிக்கும் ஆள் எண்ணையும் நேரத்தையும் கம்ப்யூட்டரே குறிக்கும்படி செய்தேன். மறுநாள் 212 என்று வந்தது. வாய்க்கால் வெட்டும் முனியாண்டி அண்ணனின் ஆள் எண் அது.

"அண்ணே, சோம்பலா இருந்தா லீவு கேளுங்க. ஏன் அழிக்கிறீங்க?"

"நானா? கைநாட்டு வைக்கிறவன்லா நான்! உங்க பொட்டிக்குக் கிறுக்குப் புடிச்சா என்னையவா புடிப்பீங்க, கிராணி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை, அந்த வேலையை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிவிட்டேன். மறுநாள் பட்டியல் முழுதாக வந்தது. நானே வாசித்தேன். "பொட்டிக்குப் புத்தி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முனியாண்டி அண்ணன் பனிக்குள் நடந்தார்.

ஒன்பது மணிக்கு மலை சரிந்தது. அவரோடு வெட்டிக்கொண்டிருந்த நால்வரும் ஓடித் தப்பினார்கள். அவரை மதியம்தான் எடுத்தோம். உயிர் இல்லை.

மாலையில் அந்தக் குறிப்பை அச்சிட்டுப் பார்த்தேன். 212, அனுமதி இல்லை. 212, அனுமதி இல்லை. ஏழு வரிகள், கடைசியாக ஐந்து இருபத்தொன்பதுக்கு. அந்நேரம் ஆபீஸ் பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில். இன்னும் கீழே பார்த்தேன்.

எட்டாவது வரி ஒன்று இருந்தது. நேரம் ஒன்பது நாற்பது. எண் 9. அது என் எண். அழிக்க முயன்ற வேலையின் பெயரும் தேதியும் இருக்க வேண்டிய இடம் வெறுமை.

ஒன்பது நாற்பதுக்கு நான் சரிவில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பத்துப் பேர் சாட்சி. 212 அழிக்கப் பார்த்தது அவரைக் கொன்ற வேலையை. என் எண்ணை அடித்தது யார், எந்த நாளின் எந்த வேலையை அழிக்க என்பது இன்றுவரை தெரியவில்லை.