கடைசி நிறுத்தத்துக்கு அப்பால்

மலைநடைக்காரர்களைக் கண்டாலே எலாதியாவுக்கு ஆகாது. கிரானாதா நகரிலிருந்து குவேஹர் சியெரா கிராமத்துக்குப் போகும் பஸ்ஸைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவள் அவள்தான். விடுமுறை நாள் வந்தால் ஊர்க்காரர்களைவிட இவர்கள் கூட்டம்தான் பஸ்ஸில் அதிகம். போகும்போது முதுகில் மூட்டை, கையில் ஊன்றுகோல். திரும்பும்போது முழங்கால்வரை சேறு. காலணியைத் தட்டிவிட்டுத்தான் படியேற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். தட்டாமல் ஏறினவனை, அவன் யாராயிருந்தாலும் சரி, கீழே இறக்கித் தட்டச் சொல்லித்தான் மறுபடி ஏற்றுவாள். அவர்கள் தங்களுக்குள் அவளைச் சார்ஜென்ட் என்று சொல்லிக்கொள்வது அவளுக்குத் தெரியும். அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

பிறந்தது வளர்ந்ததெல்லாம் கிரானாதாவில்தான். அப்பா ரொட்டிக்கடை அடுப்படியில் வெந்து உழைத்தவர். எலாதியா கல்யாணத்துக்கு முன்பே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, கடற்கரைப் பக்கத்திலிருந்து தக்காளியும் வெள்ளரியும் ஏற்றிவந்தாள். லாரி ஓட்டுகிற பெண்ணா என்று கிண்டல் செய்தவர்களில் ஒருவனான பௌலினோவையே கட்டிக்கொண்டாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மகள் வடக்கே வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கால்பந்து, அவளுக்குத் தூக்கம். வாழ்க்கையில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

கிரானாதாவில் எந்தத் தெருவில் நின்றாலும் அதன் கோடியில் பனிமலை தெரியும். காலையில் கோட்டு எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய எலாதியா அதை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குமேல் அந்த மலையோடு அவளுக்கு ஒரு பேச்சும் இல்லை. குவேஹர் சதுக்கத்தில் பஸ்ஸை நிறுத்துவாள், காப்பி குடிப்பாள், திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

ஒரு மே மாதத் திங்கட்கிழமை அந்தச் சதுக்கத்தில் பஸ் பழுதாகி நின்றது. கியர் விழவேயில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டதில், மாற்று வண்டி மாலையில்தான் வரும், அதுவரை அங்கேயே இரு என்றார்கள். வந்த நடைக்காரர்கள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். அவள் பெயர் கசில்தா. கிரானாதா சந்தையில் மீன் விற்பவள். ஞாயிறன்று படகு கடலுக்குப் போவதில்லை என்பதால் திங்களன்று மீன்கடை கிடையாது. அதனால் திங்கள்தோறும் இந்த பஸ்ஸில் வந்துவிடுவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் கைகளில் மத்திமீன் வாசனை போகாது. வாயும் ஓயாது.

"மாலை வரைக்கும் இங்க உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று கசில்தா கேட்டாள்.

"காப்பி குடிப்பேன்."

"குடிச்சுக் குடிச்சு வயிறு புண்ணாகட்டும். இத்தனை வருஷமா எங்களையெல்லாம் ஏத்திட்டு வர்றியே, நாங்க எங்க போறோம்னு ஒரு நாளாவது யோசிச்சுப் பாத்திருக்கியா?"

"வேலைவெட்டி இல்லாதவங்க எங்க போனா எனக்கென்ன?"

"நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மீனுக்குச் செதில் தேய்க்கறவ பொண்ணே. என்கிட்டயா வேலைவெட்டியப் பத்திப் பேசற? வா. பாதி தூரம் போயிட்டுத் திரும்பிரலாம்."

எலாதியா மறுத்துப் பார்த்தாள். சீருடையோடு எப்படி வருவது, இந்தக் காலணி மலைக்கு ஆகுமா என்று இரண்டு மூன்று சாக்குச் சொன்னாள். கசில்தா ஒவ்வொன்றையும் சிரித்தே தள்ளினாள். கடைசியில் பஸ்ஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எலாதியா அவள் பின்னால் நடந்தாள். போன் இருக்கிறது, கூப்பிட்டால் ஓடிவந்துவிடலாம் என்பது அவள் கணக்கு. பள்ளத்தாக்குக்குள் போனால் போன் செத்துவிடும் என்று கசில்தா சொல்லவில்லை.

கிராமத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கினார்கள். அந்தக் காலத்து ட்ராம் ஓடிய குகைப்பாதைகள் வழியே போய், பாலத்தைத் தாண்டி, கஷ்கொட்டை மரங்களுக்குள் ஏறும் பாதையைப் பிடித்தார்கள். நட்சத்திரப் பாதை என்று அதற்குப் பெயர். முன்பு சுரங்கத்துக் கழுதைகள் போய்வந்த வழி. முதல் ஏற்றத்திலேயே எலாதியாவுக்கு மூச்சு முட்டியது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். கசில்தாவோ கணவாய் மீன் விலையையும், தன் மருமகனின் சோம்பேறித்தனத்தையும் பேசிக்கொண்டே முன்னால் போனாள். கீழே ஹெனில் ஆறு உருகிய பனியைச் சுமந்து இரைந்துகொண்டிருந்தது. இவர்கள் ஏற ஏற அந்த இரைச்சல் அடங்கி, பிறகு தேனீக்கூட்டின் முணுமுணுப்பு போல ஆனது.

மரங்கள் விலகிய ஒரு திருப்பத்தில் எலாதியா நின்றுவிட்டாள்.

பள்ளத்தாக்கின் மறுகோடியை ஒரு கருஞ்சுவர் அடைத்துக்கொண்டு நின்றது. அது மேகமா மலையா என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. கறுத்த பாறை, அதன் வெடிப்புகளில் பனி, அதற்கு மேலும் பாறை, அதற்கு மேலும் பனி. பார்வை ஏறிக்கொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் மறுபடி தொடங்கியது. முலாசென், அல்காஸாபா என்ற சிகரங்களின் பெயர்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு மனப்பாடம். நகரத்திலிருந்து பார்த்த மலைக்கு ஒரு முதுகுதான் உண்டு. மாவு தூவிய ரொட்டி போலச் சாதுவாகக் கிடக்கும். இது அந்த மலையின் முகம் என்று தோன்றியது. அவளுக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. கோயிலுக்குள் தெரியாமல் உரக்கப் பேசிக்கொண்டே நுழைந்துவிட்டவள்போல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது அந்தச் சுவரின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைத் துண்டு கழன்றது. கைக்குட்டை விழுவதுபோல், சத்தமே இல்லாமல், மெல்ல நழுவியது. பாறையில் பட்டுப் புகைபோல் விரிந்து, அடுத்த பள்ளத்தில் கொட்டி, அங்கிருந்தும் சரிந்தது. விழுந்து எல்லாம் அடங்கிய பிறகுதான் முழக்கம் வந்து சேர்ந்தது. அது காதில் கேட்கும் முன்னே நெஞ்சில் கேட்டது. கைக்குட்டை என்று நினைத்தது ஒரு தெருவையே மூடும் அளவு பனி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்படியென்றால் அந்தச் சுவர் எத்தனை பெரியது? மனம் அதை அளக்கப் போய்த் தோற்றுத் திரும்பியது.

அவள் கசில்தா பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தது.

"இதை ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

"தினம் ஒருத்தர் சொல்லத்தான் செஞ்சோம் பொண்ணே. நீதான் காலைத் தட்டு, காலைத் தட்டுன்னு கத்திக்கிட்டிருந்த."

எலாதியா சிரிக்கவில்லை. பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கசில்தா உருளைக்கிழங்கு முட்டை அடையை ரொட்டிக்குள் வைத்துப் பாதி கொடுத்தாள். எலாதியா அதைக் கையில் வைத்துக்கொண்டே தின்ன மறந்து இருந்தாள். பாதி தூரம் என்று வந்தவர்கள் அதற்கு மேலும் நடந்தார்கள். திரும்பலாம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

கிராமத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாற்று வண்டி வந்து, காத்திருந்து பார்த்துவிட்டு, இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. செர்ரிப் பழம் ஏற்றிய ஒரு வண்டியில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் நகரம் சேர்ந்தார்கள்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, வண்டியை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டார். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். நையாண்டி செய்கிறாள் என்று நினைத்து அவர் சில நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பௌலினோவுக்குத்தான் தாங்கவில்லை. அந்த மலை சமையலறை ஜன்னலிலேயே தெரிகிறதே, அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று அன்று முழுக்கப் புலம்பினான். எலாதியா விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது சிறியதாகிக்கொண்டே போனது. நாளைக்கு நீயே வந்து பார் என்று முடித்துவிட்டாள்.

வேறு ஒருவன் ஓட்டிய பஸ்ஸில், பயணியாக, ஜன்னலோரம் உட்கார்ந்து போனது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. பௌலினோ ஏற்றம் முழுக்க முனகினான். அந்தத் திருப்பத்துக்கு வந்தால், பள்ளத்தாக்கு முழுக்க மேகம். சுவரும் இல்லை, பனியும் இல்லை. எதிரே வெறும் வெள்ளை.

"இதுக்குத்தானா வேலைய விட்டுட்டு வந்தே?" என்றான் அவன். குரலில் கேலியைவிடப் பரிதாபம் அதிகமாக இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. உட்கார் என்றாள். ஈரக்காற்றில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அவன் கிளம்பலாம் என்று எழுந்த நேரத்தில் மேகம் அசைந்தது. கீழே ஒரு புல்மேடு தெரிந்தது.

"அதுவா? நல்லாத்தான் இருக்கு" என்றான் அவளைச் சமாதானப்படுத்துவதுபோல.

"அது இல்ல. இன்னும் மேல பாரு."

மேகத்துக்குள் கரும்பாறை ஒன்று எட்டிப்பார்த்தது. அவன் தலையசைத்தான்.

"இன்னும் மேல, பௌலினோ."

"மேல வானம்தானே இருக்கு?"

அவள் அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். வானம் இருக்கவேண்டிய இடத்தில் மேகம் கிழிந்தது. அதற்குள்ளே, தலைக்கு நேர்மேலே என்று சொல்லும் உயரத்தில், வெயில் பட்ட பனிவிளிம்பு ஒன்று கீழே எதன்மேலும் நிற்காததுபோல் மிதந்தது. நாளெல்லாம் உயரமான கட்டடங்களில் லிஃப்டோடு ஏறி இறங்கிப் பிழைக்கிற அந்த மனிதன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். மேகம் மறுபடி மூடிக்கொண்ட பிறகும் அவன் கழுத்து இறங்கவில்லை. பாலம் வரை தொப்பி அவன் கையிலேயே இருந்தது.

எலாதியா அதே பஸ்ஸைத்தான் இன்னும் ஓட்டுகிறாள். வார விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று கசில்தாவோடு நட்சத்திரப் பாதையில் போகிறாள். முடிகிற நாளில் பௌலினோவும் வருவதுண்டு. எத்தனையோ முறை போயாகிவிட்டது. ஆனாலும் அந்தத் திருப்பம் அவளுக்குப் பழகவேயில்லை. கஷ்கொட்டை மரங்கள் முடியப் போகின்றன என்றதும் அவள் நடை தானாகத் தளர்கிறது. யாரைப் பற்றியோ மும்முரமாகப் பேசிக்கொண்டு முன்னால் போகும் கசில்தாவும், பின்னால் அந்தக் காலடி தயங்குவதைக் கேட்டதும், பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள்.