பறவைக் கட்டத்தில் வவ்வால்

சொர்ணலட்சுமி ஏழாயிரம்பண்ணையில் வாக்கப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் திரி செருகினாள். ஒருநாள் பக்கத்து அறை வெடித்து, தினமும் அவளோடு வேனில் வந்த வள்ளித்தாய் போய்ச் சேர்ந்தாள். அதோடு சரி, இனி வெடிமருந்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவுகட்டினாள். நல்லவேளையாக, சிவகாசியில் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் படங்களின் பிலிம்களை அடுக்கி எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது.

அங்கே பிராணிகளுக்குத் தனிக் கணக்கு. வானத்துக்குப் போகும் வெடிக்குப் பறப்பவை ஒரு டிராயர், தரையில் சுற்றும் சக்கரத்துக்கு நடப்பவை ஒரு டிராயர், மிச்சமெல்லாம் இன்னொன்று. சாமி எப்படிப் படைத்ததோ, தீபாவளி ஆர்டருக்கு இதுதான் வசதி.

2004 கோடையில் பள்ளிக்கூடச் சார்ட் ஒன்று அச்சுக்கு வந்தது. முதுகெலும்புள்ள பிராணிகள்: மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்து கட்டம். விவரத்தை ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டார். படம் பொறுக்குவது சொர்ணலட்சுமி பாடு. பறவைக் கட்டத்துக்குப் பறப்பவை டிராயரைத் திறந்து மயில், கழுகு, கிளி, வவ்வால் என்று எடுத்துக் கொடுத்தாள். யாருக்கும் உறுத்தவில்லை.

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். பறவைக்கு இறகு உண்டு, முட்டையிடும். பாலூட்டிக்கு ரோமம் உண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும். அவளுக்குப் பகீரென்றது. ஆனைக்குட்டத்தில் அம்மா வீட்டுப் புளியமரத்தடியில் விழுந்துகிடந்த வவ்வாலின் மாரைக் கவ்விக்கொண்டு குட்டி கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

சொன்னால் அச்சுப் பிளேட் பாழ், தாள் பாழ், வேலையும் போகும். போனால் மறுபடி மருந்து வேன்தான். சொல்லாவிட்டால் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இதைப் பார்த்துத்தானே பிள்ளைகள் படிக்கும்? தாளும் கையுமாக நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

“மிசின நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. வவ்வால மாத்தி வச்சிட்டேன்.”

“ஏன், பறக்கத்தான செய்யுது?”

“பறக்கும். ஆனா பாலுல்லா குடுக்குது. பசுமாடு இருக்க கட்டத்துலதான் வரணும்.”

அண்ணாச்சி சார்ட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெஷினை நிறுத்தச் சொன்னார். பிறகு பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! பிளேட் என்ன சும்மா வருதா, கண்ண எங்கன வச்சிருந்த என்று அச்சகமே கேட்கக் கத்தினார்.

“நாளைக்கு வந்து அம்புட்டு டிராயரையும் கொட்டி, அந்த வாத்தியார் எழுதின மாதிரி அடுக்குற. ஆமா!”

அத்தனை ஏச்சிலும் ‘நாளைக்கு வந்து’ என்றது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது.